படிப்பும் ஜெபமும்

(மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் சாலையை அடுத்த ஒரு கிராமத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நாம் பேசுவதாக நோட்டீசில் போட்டிருந்த விஷயம் வேறு. ஆனால் கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு தோழர் நம் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். தம் மகளுக்கு மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருப்பதாகவும், அங்கே தினமும் காலையில் ஜெபம் உண்டென்றும், வேதபாட வகுப்பு உண்டென்றும், பெண்ணை அதில் சேர்க்கலாமா கூடாதா என்று நாம் இரண்டில் ஒன்று சொல்லியாக வேண்டுமென்றும் அதில் எழுதியிருக்கின்றார். ஊரில் சிலர், "பிள்ளையை வேதத்தில் சேர்த்துவிடுவார்கள்" என்று அவரைப் பயமுறுத்துகின்றார்களாம். நம்மவர்கள் சிலரோ, "எந்த மதமானால் என்ன, எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைதானே, அங்கே சேர்ப்பது நம் கொள்கைக்கு விரோதம்" என்கின்றார்களாம். பாவம், அந்தத் தகப்பனார் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கின்றார். நோட்டீசில் போட்ட விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக் கொள்ளலாம். ஒரு பெண்ணின் படிப்பு அதுவரை காத்திருக்காது. ஆகையால் இதையே பேசிவிடுவோம்.

தோழர்களே! கிறிஸ்தவ மதத்துக்கும் படிப்புக்கும் உள்ள சம்பந்தம் என்ன என்பதை அறிய நாம் ரோமாபுரிக்குப் போக வேண்டியதில்லை. நம் மதுரையே அதற்குப் போதும். இந்த ஊரில் சுமார் நானூறு வருஷமாக இந்தப் பரீட்சை நடந்து வந்திருக்கின்றது.

1595ஆம் வருஷத்தில் பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் மதுரைக்கு வந்தார். கடற்கரையிலிருந்து வந்திருந்த பரதவக் கிறிஸ்தவர்களுக்காகக் கோயில் கட்டினார். ஒரு சிறு பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் நடத்தினார். மேல்ஜாதிக்காரர் எவரும் அவரை எட்டிப் பார்க்கவில்லை. பரங்கி, மாட்டிறைச்சி தின்பவன், பரதவரோடு புழங்குகின்றவன் என்று ஒதுக்கி வைத்தார்கள். 1606இல் ராபர்ட் தெ நோபிலி வந்தார். அவர் மகா கெட்டிக்காரர். தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றையும் கற்று, தமிழில் வசன நூல்கள் பல எழுதினார். கல்வி விஷயத்தில் அவருடைய உழைப்பை எவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் செய்த யுக்தி என்னவென்றால், காவி உடுத்தி, பூணூல் போட்டு, பிராமணச் சமையற்காரனை வைத்துக்கொண்டு, பெர்னாண்டஸ் இருந்த வீட்டை விட்டுத் தனி வீட்டில் குடியேறியதுதான். பரதவக் கிறிஸ்தவன் அந்த வீட்டுக்குள் போகக்கூடாது. இரண்டு பாதிரிகளும் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள். ஒரே ஏசுவைக் கும்பிட்டவர்கள். இருந்தும் வாசல் வேறு! இந்தப் பூணூல் சங்கதி போப்பாண்டவர் வரையில் போய், 1623இல் பதினைந்தாம் கிரிகோரி அவர்கள் போட்டுக் கொள்ளலாம் என்றே தீர்ப்புச் சொன்னார். பிறகு 1640 வாக்கில் தாழ்ந்த ஜாதியாருக்கென்று 'பண்டாரசாமி' என்ற இன்னொரு தினுசு குருமாரை ஏற்படுத்தினார்கள். நம் நாட்டுக்குக் கற்றுக்கொடுக்க வந்தவர்கள், நம் நாட்டின் கெட்ட பாடத்தைத் தாங்கள் முதலில் கற்றுக் கொண்டார்கள் என்பதுதான் நாம் இதில் பார்க்க வேண்டியது.

அடுத்தபடியாக அமெரிக்கன் மிஷன். யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்தவர்கள். இவர்களைப் பற்றித்தான் நாம் கொஞ்சம் அதிகமாகப் பேசப் போகின்றோம். ஏனெனில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நம் தாத்தா பாட்டிமாரில் எழுத்தறிந்தவர் எவராவது இருந்தால், அதில் பாதிப் பேருக்காவது இவர்களுடைய பள்ளிக்கூடத்தின் வாசனை பட்டிருக்கும். வந்த மறு வருஷமே பெண்பிள்ளைகளுக்கென்று மதுரையில் பள்ளி ஏற்பட்டது. 1842இல் திருமங்கலத்தில் ஒரு செமினரி ஆரம்பித்து, 1845இல் அதைப் பசுமலைக்குக் கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் பெண்ணுக்குப் படிப்பு என்றால் தாசிகளுக்குத்தான் என்று நினைத்திருந்த ஊர் இது. சரஸ்வதியைப் பெண்ணாக்கி, கையில் ஏட்டையும் கொடுத்து, வருஷத்துக்கு ஒரு நாள் பொரிகடலை வைத்துக் கும்பிட்டவர்கள், வீட்டிலிருந்த பெண்ணின் கையில் ஒரு சிலேட்டைக் கொடுக்கவில்லை. கடல் தாண்டி வந்தவன் கொடுத்தான். இதைச் சொல்லுவதற்கு நமக்கு என்ன கூச்சம்? எவன் செய்தாலும் நல்லது நல்லதுதான்.

அதிலும் 1847ஆம் வருஷத்துச் சம்பவம் ஒன்று உண்டு. மிஷனில் வேலை பார்த்த உபதேசிமார், பசுமலையில் படித்த பையன்கள் முதலானவர்கள் கிறிஸ்தவர்களாகியும் ஜாதியை விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வேதம் வாசிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். அமெரிக்கப் பாதிரிமார் இதைக் கண்டு, ஜாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும், இல்லாவிட்டால் சபையிலும் வேலையிலும் இடமில்லை என்று திட்டம் செய்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? உபதேசிகளிலும் சபையாரிலும் பலர் போய்விட்டார்கள். பசுமலைப் பையன்களில் பலரும் வெளியேறினார்கள். பரலோகத்தை விட்டாலும் விடுவோம், பந்தியில் ஜாதியை விடமாட்டோம் என்று எழுந்து போன பெருமை நம் மக்களைச் சேர்ந்தது! நோபிலி 240 வருஷத்துக்கு முன் விட்டுக் கொடுத்த இடத்தில் இவர்கள் விட்டுக் கொடுக்கவில்லை. தங்கள் பள்ளிக்கூடம் காலியானாலும் ஆகட்டும் என்றார்கள். அந்த வரையில் அவர்களுக்கு நம்முடைய நன்றி உரியது.

ஆனால் தோழர்களே, இந்தக் கதைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இதே மிஷனின் தலைமைச் சங்கம் இருந்த அமெரிக்காவிலே அப்போது நீக்ரோ மக்களை மாடு மாதிரி விலைக்கு வாங்கி விற்றுக் கொண்டிருந்தார்கள். அடிமை வைத்திருப்பவனைச் சபையில் சேர்க்கலாமா என்று அந்தச் சங்கத்தாரைக் கேட்டதற்கு, கூடாது என்று கண்டிப்பாய்ச் சொல்ல 1845இல் அவர்களுக்கு மனம் வரவில்லை. இதைப் பொறுக்காதவர்கள் 1846இல் பிரிந்து போய்த் தனிச் சங்கம் வைத்தார்கள். மதுரையில் பந்தியில் உட்கார மறுத்தவனுக்குச் சபையில் இடமில்லை. அமெரிக்காவில் மனிதனையே விலைக்கு வாங்கினவனுக்கு இடமுண்டு! அயல்வீட்டு அழுக்கு எல்லோர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரியும். இருந்தாலும் நியாயமாகப் பேச வேண்டுமல்லவா? பிரிந்து போன அந்தச் சங்கத்தாரும் கிறிஸ்தவர்கள்தான். அடிமைத்தனம் ஒழிந்ததும் விடுதலை பெற்ற மக்களுக்காக 1866இல் பிஸ்க் என்ற கலாசாலை ஏற்பட்டதில் அவர்களுடைய கைதான் பெரிது. ஒரே பைபிளை வைத்துக்கொண்டு ஒருவன் அடிமையைக் கட்டிப்போட்டான், ஒருவன் அவிழ்த்து விட்டுப் பாடமும் சொல்லிக் கொடுத்தான். அப்படியானால் வித்தியாசம் புத்தகத்தில் இல்லை, வாசித்தவனிடத்தில்தான் இருந்தது என்று ஏற்படுகின்றதா இல்லையா?

இனி முக்கியமான கட்டத்துக்கு வருகின்றோம். படிப்பையும் மதத்தையும் ஒன்றாய் முடிச்சுப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு, வேண்டாத சாட்சிகளைத் தேட வேண்டாம். அந்த மிஷனே கொடுத்த சாட்சி இருக்கின்றது. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டை என்னுமிடத்தில் 1823இல் அவர்கள் ஒரு செமினரி வைத்தார்கள். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாஸ்திரம், எல்லாம் உயர்ந்த தரம். அங்கே வாசித்தவர்கள்தான் சென்னை சர்வகலாசாலையில் முதன்முதல் பி.ஏ. பட்டம் பெற்ற இரண்டு பேரும். ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை, மற்றவர் விசுவநாத பிள்ளை. அப்பேர்ப்பட்ட பள்ளிக்கூடத்தை 1855இல் மூடிவிட்டார்கள்! பணமில்லாமலா? பிள்ளைகள் இல்லாமலா? இல்லை. அமெரிக்காவிலிருந்து ருபஸ் ஆண்டர்சன் என்ற காரியதரிசி 1854, 1855இல் இங்கே சுற்றிப் பார்க்க வந்தார். பையன்கள் நன்றாய்ப் படித்துவிட்டுச் சர்க்கார் உத்தியோகத்துக்கு ஓடுகின்றார்கள், போதகராக வருகின்றவர்கள் கொஞ்சம், ஆகவே இதற்குச் செலவு செய்வதில் பயனில்லை என்று கண்டார். அதே காற்று மதுரைப் பக்கமும் வீசிற்று. பசுமலையில் ஆங்கிலம் நின்றது. உபதேசிமாருக்கு வேண்டிய அளவு படிப்பே போதும் என்று ஆயிற்று.

அந்த ஆண்டர்சனை நாம் வெறும் வில்லனாக்கிவிடப் பார்க்கவில்லை. பாடம் தாய்பாஷையில் நடக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அது சரியான பேச்சு. அதற்கு ருசு வேண்டுமானால் அதே மிஷனைச் சேர்ந்த டாக்டர் கிரீன் என்பவரைப் பாருங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் இருந்துகொண்டு, மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்றுக் கொடுத்து, புத்தகங்களைத் தமிழில் ஆக்கி, அறுபது பேருக்கு மேல் தமிழ் டாக்டர்களை உண்டாக்கினார். தமிழில் வைத்தியம் படிக்க முடியுமா என்று இன்றைக்கும் தர்க்கம் செய்கின்றவர்கள் இருக்கின்றார்களே, அவர்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முன் நடந்து முடிந்த காரியத்தைப் பற்றித் தர்க்கம் செய்கின்றார்கள். ஆகவே ஆண்டர்சன் சொன்ன மொழியில் குற்றமில்லை. அவர் வைத்த தராசில்தான் குற்றம். ஒரு பையன் எவ்வளவு அறிந்தான் என்பதை நிறுக்காமல், எத்தனை பேர் போதகராய் வந்தார்கள் என்று நிறுத்தார். நல்ல கணக்குப் போட்ட பையனும் அந்தத் தராசில் பூஜ்யமாகத் தெரிந்தான்.

ஆனால் மூடினதால் படிப்பு நின்றதா? ஜனங்கள் ருசி கண்டுவிட்டார்கள். விடுவார்களா? யாழ்ப்பாணத்தில் 1872இல் மறுபடி காலேஜ் வந்தது. பசுமலையில் 1881இல் காலேஜ் வகுப்பு வந்து, 1904இல் மதுரைக்கு வந்து, இன்று தல்லாகுளத்தில் நிற்கின்ற அமெரிக்கன் காலேஜ் ஆயிற்று. 1948இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையாரால் பெண்களுக்கு டோக் காலேஜ் ஏற்பட்டது. இவைகளில் வாசித்து வெளியேறினவர்களில் எத்தனையோ பேர் சைவர், வைணவர், முஸ்லிம், நம்மைப்போல ஒன்றுமில்லாதவர். மதத்தை விதைத்தார்கள், படிப்பு முளைத்தது. தாமோதரம் பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, மிஷன் சோற்றைத் தின்று படித்து, பிறகு சிவனிடத்தில் போய்ச் சேர்ந்தார். அது நமக்கு லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. ஆனால் செல்லரித்துக் கிடந்த தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் தேடிப் பிடித்து அச்சில் ஏற்றினாரே, அது எல்லாருக்கும் லாபம். புனாவில் ஜோதிராவ் பூலே ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் படித்தார். அவர் கிறிஸ்தவராகவில்லை. தாமஸ் பெயினைப் படித்தார். 1848இல் மனைவி சாவித்திரிபாயோடு சேர்ந்து பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். சாணியும் கல்லும் எறிந்தவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நம் சொந்தக் கதை ஒன்றையும் சொல்ல அனுமதி கேட்கின்றோம். நாம் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனவரல்ல. மீதியெல்லாம் கிளை நூலகத்தில் படித்ததுதான். அந்த எட்டும் இந்தப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்தது. பெயர் வேண்டாம். அங்கே ஒரே வாத்தியார் காலையில் பூகோளமும் மத்தியானம் வேதபாடமும் எடுப்பார். ஒரு நாள் காலையில், சூரியன் இருந்த இடத்தில் இருக்கின்றது, பூமிதான் அதைச் சுற்றுகின்றது என்று உருண்டையைச் சுற்றிக் காட்டினார். மத்தியானம், யோசுவா என்பவர் சண்டை முடிகிறவரை சூரியனை நிற்கச் சொன்னார், அது நின்றது என்று வாசித்தார். நாம் எழுந்து, "சார், காலையில் நின்றுகொண்டிருந்த சூரியனை மத்தியானம் மறுபடி எதற்காக நிற்கச் சொன்னார்? பரீட்சையில் எதை எழுதுவது?" என்று கேட்டுவிட்டோம். பையன்கள் சிரித்துவிட்டார்கள். நம்மை வேப்ப மரத்தடியில், நிழல் விழாத பக்கமாகப் பார்த்து, மணி அடிக்கிற வரை நிற்க வைத்தார்கள். சூரியன் அன்றைக்கு உண்மையிலேயே நின்றுவிட்டது போலத்தான் நமக்கு இருந்தது.

சாயங்காலம் அந்த வாத்தியார் நம்மைத் தம் வீட்டுத் திண்ணைக்குக் கூப்பிட்டார். இன்னும் அடி விழுமோ என்று பயந்துகொண்டே போனோம். அவர், "தம்பி, நீ கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. வெயிலில் நிறுத்தினது தப்பு" என்று சொல்லி, அட்டை கிழிந்த ஒரு அட்லஸ் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அது இன்னும் நம்மிடம் இருக்கின்றது. வெகுநாள் கழித்துத்தான் படித்துத் தெரிந்து கொண்டோம், நாம் கேட்ட அந்தக் கேள்வி ஒன்றும் புதிதல்லவென்று. அதே யோசுவாவின் கதையைக் காட்டித்தான் கலீலியோவை எதிர்த்தார்கள். 1633இல் விசாரணை செய்து, சாகிற வரையில் வீட்டுக் காவலில் வைத்தார்கள். தவறு நடந்துவிட்டது என்று போப்பாண்டவர் ஒப்புக்கொண்டது 1992இல். 359 வருஷம் ஆயிற்று. நம்முடைய வாத்தியாருக்கோ ஒரு பொழுதுதான் ஆயிற்று. ஆகையால் நாம் அவரைப் போப்பாண்டவருக்கு மேலாக வைத்திருக்கின்றோம்.

வாத்தியாரிடத்தில் நமக்குச் சண்டையில்லை. ஒரே மனிதனைக் காலையில் ஒன்றும் மத்தியானம் ஒன்றும் சொல்லும்படி வைக்கின்ற ஏற்பாட்டோடுதான் நமக்குச் சண்டை. சந்தேகப்பட்டால்தான் பூகோளம் வரும். சந்தேகப்பட்டால் வேதபாடம் வராது. இரண்டையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துப் பிள்ளையை நடுவில் போட்டால், பிள்ளை வெயிலில்தான் நிற்க வேண்டும். இது கிறிஸ்தவப் பள்ளிக்கு மாத்திரம் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். சர்க்கார் பள்ளிக்கூடத்திலே ஆயுதபூஜைக்குப் பூசணிக்காய் உடைக்கின்றார்களே, அது மாத்திரம் எந்தப் பாடத்தில் சேர்ந்தது?

சர்க்கார் என்றதும் இன்னொரு சங்கதி ஞாபகம் வருகின்றது. மதத்தையும் படிப்பையும் முடிச்சுப் போட்டது பாதிரிமார் மட்டுமல்ல, நம்முடைய அரசாங்கமுந்தான். 1950இல் வந்த உத்தரவுப்படி தாழ்த்தப்பட்ட ஒருவன் இந்துவாக இருந்தால்தான் பட்டியல் ஜாதி. பிறகு 1956இல் சீக்கியரையும், 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனாகிவிட்டால் அந்த உரிமை போயிற்று. நம் மாகாணத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கின்றார்கள். அவனுடைய சேரி மாறவில்லை, வேலை மாறவில்லை, சுடுகாடு மாறவில்லை, கல்லறையில்கூடத் தனி மூலை வைத்திருக்கின்ற ஊர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போகின்ற இடம் மாறினதற்காகப் பிள்ளையின் படிப்புச் சலுகை மாறுகின்றது. இதைப்பற்றி அதிகமாய்ப் பேசத் தொடங்கினால் விடிந்துவிடும்.

மிஷன் காலேஜ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசியல் சட்டத்தில் 2005ஆம் வருஷத் திருத்தத்தினால் ஏற்பட்ட 15(5) பிரிவின்படி, இடஒதுக்கீடு தனியார் கல்லூரிக்கும் உண்டு, சிறுபான்மையோர் கல்லூரிக்கு மாத்திரம் விலக்கு. சிறுபான்மையோர் உரிமையை நாம் மறுக்கவில்லை. அவசியம் வேண்டியதே. ஆனால் 1847இல் பள்ளிக்கூடம் காலியானாலும் பரவாயில்லை என்று ஜாதியை எதிர்த்தவர்களின் வாரிசுகள், சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் தாமாகவே கதவைத் திறந்து வைக்கலாமல்லவா? அப்படித் திறந்து வைத்திருப்பவர்கள் இருந்தால் இந்தப் பேச்சு அவர்களுக்கல்ல.

அவர்களுக்குள்ளேயே இதை உணர்ந்தவர்கள் இருந்திருக்கின்றார்கள். மதுரை அரசரடியில் 1969இல் ஏற்பட்ட இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்று கூப்பிடுவார்களே, அவர் ஆசிரியராக இருந்தார். 2005இல் காலமானார். 'ஒரே உலை' என்பது அவருடைய பேச்சு. எல்லாருக்கும் ஒரே உலையில் சோறு பொங்க வேண்டும், ஒன்றாய் உண்ண வேண்டும் என்பதை நாட்டுப்புற மெட்டில் பாட்டாக்கிப் பாடினார். 1847இல் வெள்ளைக்காரப் பாதிரி சட்டம் போட்டுச் சொன்னதை, இவர் நம்முடைய தப்பையும் நம்முடைய பேச்சையும் வைத்துச் சொன்னார். அவருடைய கடவுள் நமக்கு வேண்டாம். அந்த உலை நமக்கும் சம்மதம்.

இனி, சீட்டுக் கொடுத்த தோழருக்கு நம் பதில். பெண்ணைத் தாராளமாகச் சேருங்கள். நாளைக்கே சேருங்கள். பயப்பட வேண்டியது ஒன்றுமில்லை. ஏனென்றால் அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவில் ஒரு சங்கதி இருக்கின்றது. சர்க்கார் அங்கீகாரம் பெற்றதோ, சர்க்கார் பணம் வாங்குவதோ ஆன எந்தப் பள்ளிக்கூடத்திலும், மதபோதனை வகுப்புக்கோ ஜெபத்துக்கோ ஒரு பிள்ளை போயே தீர வேண்டும் என்று நிர்ப்பந்திக்க முடியாது. வயது வராத பிள்ளையானால் தகப்பனாரோ பாதுகாவலரோ சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். சம்மதம் உங்கள் கையில் இருக்கின்றது. சேர்க்கை மனுவில் எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வந்து நம்மைத் திட்டாதீர்கள். வாத்தியாரம்மாவிடம் மரியாதையாகக் கேளுங்கள், அவர்கள் சொல்லுவார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொரு காரியமும் செய்யுங்கள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "அம்மா, உனக்கு அந்த வகுப்புக்குப் போக இஷ்டமா இல்லையா?" என்று கேளுங்கள். இவ்வளவு நேரம் பாதிரியாரைக் கேட்டோம், போப்பாண்டவரைக் கேட்டோம், நம்மைக் கேட்டீர்கள். படிக்கப் போகின்ற பிள்ளையை இதுவரை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. போகிறேன் என்று சொன்னால் போகட்டும். அங்கே வாசிப்பதையும் வாசிக்கட்டும், வீட்டிலே நம் புத்தகங்களையும் வாசிக்கட்டும். யோசுவாவைப் பற்றிக் கேள்வி கேட்டு வெயிலில் நிறுத்தினார்களானால் மாத்திரம் நமக்கு ஒரு கார்டு போடுங்கள், வந்து பேசுவோம்.

நேரமாகிவிட்டது. கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் இருக்கின்றார்கள்.  இனி கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம். தாய்மார்கள் பக்கத்திலிருந்து முதலில் கேட்கட்டும்.